டெக்கரேட்டர் யார் என்று கேட்பவர்களுக்கு

தங்கை கல்யாணம் முடிந்ததிலிருந்து எனக்கு வரும் வாட்ஸ்அப் மெசேஜில் பாதி இந்த ஒரு கேள்விதான்: "டெக்கரேட்டர் யாரு, நம்பர் குடுங்க." டெக்கரேட்டர் என்று தனியாக ஒருவர் இல்லை என்றால் யாரும் நம்புவதில்லை, நம்பரைப் பதுக்குகிறேன் என்று நினைக்கிறார்கள். அதனால் மொத்தத்தையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், கல்யாண வேலையைத் தலையில் சுமப்பவர்கள் மட்டும் படித்தால் போதும்.

தங்கை கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவள். எங்களிடம் அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: கலர் வேண்டும், ஆனால் சினிமா செட் மாதிரி இருக்கக் கூடாது. சொல்வது சுலபம். தஞ்சாவூரில் நாங்கள் விசாரித்த பேக்கேஜ்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆல்பத்தைத்தான் திறந்து காட்டினார்கள். பீச், ஐவரி, லாவண்டர், நடுவில் வெள்ளைச் சோபா, இரண்டு பக்கமும் பாம்பாஸ் புல். காவிரிக் கரையில் எதற்குப் பாம்பாஸ் புல் என்று யாரும் கேட்பதில்லை போல. "கலரா வேணும்னா ஹோலி தீம் பண்ணலாம் மேடம்" என்றார் ஒருவர். அப்போதே தெரிந்துவிட்டது, கலர் என்றால் இவர்களுக்கு ஒன்று வெளிறிப்போனது, இல்லை என்றால் பொடி தூவியது, நடுவில் எதுவும் கிடையாது.

நிறங்களை எங்கே இருந்து எடுப்பது என்று தங்கைக்குக் குழப்பமே இல்லை. திருவாரூர் தியாகராஜர் கோயிலில் தேவாசிரிய மண்டபம் இருக்கிறதே, அதன் விதானம் முழுக்க முசுகுந்தச் சக்கரவர்த்தி கதையை வரைந்திருக்கிறார்கள், 17ஆம் நூற்றாண்டு வேலை. இந்திரன் கொடுத்த ஏழு விடங்க மூர்த்திகளை, அதாவது சிவன் திருமேனிகளை, முசுகுந்தன் கொண்டு வந்த கதை. பட்டை பட்டையாகப் படம், கீழே தமிழில் விளக்கம், ஊர்வலம், மேளக்காரர்கள், ஆடும் பெண்கள், வாணவேடிக்கைகூட உண்டு. சிவப்புப் பின்னணி, மஞ்சள், பச்சை, வெள்ளை, எல்லாவற்றையும் கட்டிப்பிடித்து நிறுத்தும் ஒரு கறுப்புக் கோடு. அவ்வளவுதான் நிறங்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததே தவிர, இத்தனை கூட்டத்தை வரைந்தும் அங்கே ஒரு இடத்தில்கூடக் கண் கூசவில்லை. அந்தக் கறுப்புக் கோடுதான் காரணம் என்று தங்கை சொன்னாள். பிறகு நாங்கள் செய்த எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருந்தது, பத்திரிகையிலிருந்து தாம்பூலப் பை வரைக்கும்.

பத்திரிகையை அதே பாணியில் பட்டைகளாக வரைந்தாள். முதல் பட்டையில் பெண் பார்க்க வந்தது, அடுத்ததில் தாம்பூலம் மாற்றியது, கடைசியில் எல்லோரையும் அழைக்கும் ஊர்வலம், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி. முசுகுந்தனுக்குக் குரங்கு முகம், அவனையும் ஊர்வலத்தில் சேர்த்திருந்தாள். எங்கள் அப்பாயி பார்த்துவிட்டு, "ஏண்டி, கல்யாணப் பத்திரிகையில கொரங்கா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?" என்று ஒரே பிடியாக நின்றதில், முசுகுந்தன் போய் அந்த இடத்தில் ஒரு யானை வந்தது. மாப்பிள்ளைக்கு இன்றுவரை அதில் வருத்தம்தான்.

சரி, ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். பொதுவாக எல்லோரும் மண்டபம், டெக்கரேஷன், போட்டோ, சாப்பாடு என்ற வரிசையில் பேசி முடிப்பார்கள். நாங்கள் பொருளைக் கையால் செய்பவர்களை முதலில் பிடித்தோம், மாட்டுபவர்களைக் கடைசியில். இது ஏதோ கொள்கை இல்லை, மண்டபங்கள் நடக்கும் விதத்தால் வந்த கட்டாயம். முதல் நாள் மதியம்தான் சாவி தருவார்கள், சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, நடுவில் இருக்கும் சில மணி நேரத்தில் எதையும் உருவாக்க முடியாது, ஏற்கெனவே செய்து வைத்ததைத் தொங்கவிடத்தான் முடியும். அதனால்தான் தெர்மாகோலும் பிளாஸ்டிக் பூவும் ஜெயிக்கின்றன, அவை லாரியில் தயாராக இருக்கின்றன.

மண்டபம் பேசும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். வெளி டெக்கரேஷன் ஆட்களை விடுவீர்களா, விட்டால் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா? கூரையில் கொக்கி இருக்கிறதா, எத்தனை அடி உயரம்? எங்களுக்குப் பிடித்த முதல் மண்டபத்தில் "எங்க ஆளுதான் மேடை போடணும்" என்று சொல்லிவிட்டார்கள். கிளம்பிவிட்டோம். கிடைத்த மண்டபம் பழசு, ஏசி சுமார்தான், ஆனால் மேடைக்கு எதிரே முற்றம் மாதிரி ஒரு திறந்த இடம், காலை வெயில் நேராக உள்ளே விழும், கூரையில் வரிசையாக இரும்புக் கொக்கி. அந்தக் கொக்கிகளுக்காகத்தான் அதை எடுத்தோம் என்று சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும், ஆனால் அதுதான் உண்மை.

கொக்கி எதற்கு என்றால், தொம்பைக்கு. தேரிலும் சப்பரத்திலும் உருளையாகத் தொங்கும் பார்த்திருப்பீர்களே, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் துணியை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்தது. கோயிலில் பார்த்துப் பார்த்துப் பழகியதால் கல்யாணத்துக்கு இதை யாரும் யோசிப்பதில்லை. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இன்னும் தைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. தொம்பையில் ஒரு பெரிய வசதி, மடித்தால் மூட்டைக்குள் அடங்கிவிடும், தொங்கவிட்டால் ஆள் உயரத்துக்கு நிற்கும், ஏணி வைத்து மாட்ட ஒரு ஆளுக்குச் சில நிமிஷம் போதும். எங்களுக்குத் தைத்துக் கொடுத்த பெரியவர், கோயில் வேலை இல்லை என்றதும் முதலில் கொஞ்சம் யோசித்தார், "சாமிக்குப் போடுற யாளியையும் அன்னத்தையும் அப்படியே போட மாட்டேன், கொடியும் பூவும் போட்டுத் தரேன்" என்றார். அந்த மாதிரிக் கறார் உள்ளவரிடம் வேலை கொடுத்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

மேடைக்குப் பின்னால் தொங்கிய பெரிய துணிதான் எல்லோரும் போட்டோவில் பார்த்துக் கேட்பது. அது கருப்பூர் கலம்காரி, எழுதுகோலால் கையில் வரைந்து இயற்கைச் சாயம் ஏற்றிய துணி. கும்பகோணத்தைத் தாண்டி சிக்கல்நாயக்கன்பேட்டையில் செய்கிறார்கள், 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு காலத்தில் தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்கு ஜரிகையோடு கோடாலி கருப்பூர் சேலை போட்ட மரபு இது, அந்தச் சேலை நின்றுபோய், இன்று பெரும்பாலும் கோயிலுக்கு வாசமாலை (வாசலில் தொங்கவிடும் துணி), தொம்பை, விதானத் துணி என்று வரைகிறார்கள். ஆந்திரக் கலம்காரி என்று பஜாரில் அச்சுப்போட்டு விற்கும் துணியோடு இதைச் சேர்க்காதீர்கள்.

இதற்கு ஏன் மாதக்கணக்கில் நேரம் வேண்டும் என்று புரிந்துகொண்டால்தான் ஆர்டர் கொடுப்பவருக்குப் பொறுமை வரும். துணியை முதலில் கஞ்சி போக அலசி, கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயப்போடுகிறார்கள். பாலில் இருக்கும் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். கடுக்காயின் துவர்ப்பு இரும்பு மையோடு சேர்ந்து கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். அந்த இரும்பு மையே துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்கவிட்டு எடுப்பது, அவசரம் என்றால் புளிக்காது. அப்புறம் மூங்கில் எழுதுகோலால் கோடு, சிவப்பு ஏறும் இடத்துக்குப் படிகாரம், சாயத்தில் கொதிக்க வைப்பது, அலசல், வெயில், மறுபடியும் அலசல். வெயில் இல்லாத நாளில் எல்லாமே நின்றுவிடும். தங்கை முழுப் படத்தையும் பென்சிலில் வரைந்து எடுத்துக்கொண்டு போனாள், தேவாசிரிய மண்டபத்துச் சாயலில். அங்கே இருந்த மூத்தவர் அதைப் பார்த்துவிட்டு, "ஆளுங்களை நீ போட்டபடி வச்சுக்கலாம்மா. கரையும் உள்ள நிரப்புறதும் என்கிட்ட விட்டுரு" என்றார். விட்டாள். வந்த துணியில் எனக்குப் பிடித்ததே அந்தக் கரைதான், தங்கையிடம் சொல்லவில்லை.

கல்யாணம் தை கடைசியில். ஆர்டர் எல்லாம் ஆடியில் கொடுத்தோம். ஆடியில் முகூர்த்தம் இல்லை என்பதால் கல்யாண வேலைக்காரர்கள் உட்கார்ந்து பேச நேரம் தருவார்கள். ஐப்பசி, கார்த்திகை இங்கே அடைமழை, சாயத் துணியும் காயாது, பச்சைப் பானையும் காயாது, அதனால் துணி வேலை புரட்டாசிக்குள் முடிந்தாக வேண்டும். தொம்பை தைப்பவர்களுக்குப் பங்குனி, சித்திரைத் திருவிழா நெருங்கினால் மூச்சுவிட நேரமிருக்காது. குயவர்களுக்கு விநாயகர் சதுர்த்தி, கொலு பொம்மை, கார்த்திகை அகல், பொங்கல் பானை என்று வரிசையாக வேலை. ஆக, நீங்கள் முகூர்த்த நாள் பார்க்கும்போது பஞ்சாங்கத்தோடு இந்தக் காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜோசியர் சொல்ல மாட்டார்.

பானை என்றதும் ஞாபகம் வருகிறது, அரசாணிப் பானை. மணவறையில் அடுக்கி வைக்கும் அந்தப் பானைகளில் சுண்ணாம்பு பூசி, மேலே சிவப்பு, பச்சை, மஞ்சளில் குயவர் வீட்டுப் பெண்கள் போடும் கோலத்தை இப்போது யாரும் கேட்பதில்லை, பித்தளைக் குடத்தை வாடகைக்கு எடுத்துவிடுகிறார்கள். எங்களுக்குப் போட்டுத் தந்த அக்கா, தன் மாமியாரிடம் கற்றுக்கொண்டதாம். வரைய வேண்டிய மாதிரிப் படம் எதையும் தங்கை கொடுக்கவில்லை, "உங்க கைக்கு வர்றதப் போடுங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். கிளியும் தாமரையும் போட்டிருந்தார், ஒரு கிளிக்கு மட்டும் மூக்கு நீலம். ஏன் என்று கேட்டதற்குச் சிவப்பு தீர்ந்துபோச்சு என்றார்.

இவ்வளவு பேருக்கும் நிறத்தை எப்படி ஒன்றாகச் சொல்வது? பின்ட்ரெஸ்ட் படம் அனுப்பிப் பார்த்தோம், ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு சிவப்பு. கடைசியில் தங்கை பட்டு நூலும் துணித் துண்டுகளும் வாங்கி அட்டையில் ஒட்டி, அரக்கு, மஞ்சள், கிளிப்பச்சை, கொஞ்சம் மயில் கழுத்து, கறுப்பு என்று ஆளுக்கு ஒரு அட்டையாகக் கொடுத்துவிட்டாள். பந்தல்காரர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பூக்காரர் அட்டையைப் பார்த்ததுமே, "அரக்குக்குக் கோழிக்கொண்டை, மஞ்சளுக்குச் சாமந்தி, பச்சைக்கு மரிக்கொழுந்து" என்று கணக்கை முடித்துவிட்டார்.

தையில் மல்லிகையை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். பனியில் விளைச்சல் குறைந்து, முகூர்த்த நாளில் விலை கைக்கு எட்டாது. தலைக்கு மட்டும் மல்லி, மற்றதெல்லாம் சாமந்தி, கோழிக்கொண்டை, அரளி என்று வைத்துக்கொண்டோம். மாலைக்கு மட்டும் பிடிவாதமாக நாகர்கோவில் பக்கம் இருக்கும் பூ ஊரான தோவாளை போனோம். மாணிக்க மாலை என்று ஒன்று கட்டுகிறார்கள், வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து மடித்துப் பாய் மாதிரி தட்டையாக, பார்ப்பதற்குக் கல் பதித்த பட்டை மாதிரியே இருக்கும். நாகர்கோவிலிலிருந்து ராத்திரி பஸ்ஸில் மாமா மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ரோஜா மாலை என்றால் வந்து சேர்வதற்குள் தலை தொங்கியிருக்கும், இது அப்படியே இருந்தது.

இப்போது நான் அதிகம் சொல்ல வேண்டிய விஷயம், வெளிச்சம். நிறத்துக்காக உயிரைக் கொடுத்து எல்லாம் செய்துவிட்டு, மேடையில் ஊதா எல்இடி பார் லைட்டைப் போட்டால் அத்தனையும் போச்சு. மஞ்சள் சேறாகும், பச்சை கறுப்பாகும், பெண்ணின் முகம் நீலமாகும். இயற்கைச் சாயத்துக்கு இது இன்னும் மோசம். நாங்கள் லைட்காரரிடம் எழுதியே கொடுத்தோம்: கலர் லைட் ஒன்றுகூடக் கூடாது, எல்லாம் ஒரே வார்ம் ஒயிட், 3000 கெல்வின் அளவில், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90க்கு மேல், மண்டபத்தின் வெள்ளை டியூப்லைட்டுகள் மேடைப் பக்கம் அணைந்திருக்க வேண்டும். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் கேமராவுக்கு எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்று தெரியாது, பாதி முகம் ஆரஞ்சு, பாதி முகம் நீலம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வரவேற்பு அன்று சாயங்காலம் ஊதா லைட் நாலும், கூடவே சுற்றும் பட்டாம்பூச்சி லேசரும் கொண்டு வந்து இறக்கினார். "எல்லாக் கல்யாணத்துக்கும் போடறதுதான் மேடம், ஃப்ரீ" என்கிறார். சித்தப்பா ஒன்றும் பேசாமல் போய் அந்த பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். கல்யாணம் முடியும் வரை அந்த வயர் அவர் தோளில்தான் இருந்தது.

போட்டோகிராபரைத் தேர்ந்தெடுக்கும்போது இன்ஸ்டாவில் இருக்கும் நல்ல படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு முழுக் கல்யாணத்தின் படங்களை முதலிலிருந்து கடைசி வரை காட்டச் சொல்லுங்கள். அதில் வாழையிலையைப் பாருங்கள். இலை இலை நிறத்தில் இருந்தால் சரி, பழுப்பாக, ஆலிவாக இருந்தால் அவர் எல்லாப் படத்துக்கும் ஏதோ ப்ரீசெட், அதாவது ரெடிமேட் கலர் மாற்றம், போடுகிறார் என்று அர்த்தம், உங்கள் கிளிப்பச்சையும் அந்தக் கதிக்குத்தான் ஆளாகும். எங்களுக்குக் கிடைத்த தம்பி சின்னப் பையன், பெரிய பேர் எல்லாம் இல்லை, ஆனால் முகூர்த்தத்துக்கு முந்தின வாரமே மண்டபத்துக்கு வந்து காலை வெயில் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று நின்று பார்த்துவிட்டுப் போனான். அப்போதே அவனுக்குப் பேசியதைவிடக் கூடக் கொடுக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

சேலைக்கு டிரெஸ் கோட் வைக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது, எல்லா அத்தைகளும் ஒரே கலரில். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அத்தைகளின் பீரோவில் இருக்கும் காஞ்சிபுரங்களைவிட நல்ல கலர் சேர்க்கை எந்த டிசைனருக்கும் வராது. வாடாமல்லி உடலுக்குப் பச்சைக் கரை, மாம்பழத்துக்கு அரக்கு, எம்.எஸ். நீலத்துக்குச் சிவப்பு. அவர்களை இஷ்டப்படி கட்டச் சொல்லிவிட்டு, நாம் பின்னணியை மட்டும் ஒழுங்காக வைத்தால் போதும்.

கோலத்தில் ஒரு சிக்கல் வந்தது. மண்டபத் தரை வழவழ டைல்ஸ், ஈர மாக்கோலம் பிடிக்காது, காய்ந்தாலும் கால் வழுக்கும். பெரியம்மா வாசலில் மட்டும் படிக்கோலம் போட்டுக் காவிக் கரை கட்டினார், உள்ளே பிளைவுட் பலகையில் காவி அடித்து வெள்ளைப் பெயிண்டில் முன்கூட்டியே போட்டு எடுத்து வந்தோம். மாப்பிள்ளை அழைப்புக்குத் தப்பாட்டம், முகூர்த்தத்துக்கு நாகஸ்வரம், பாட்டுக் கச்சேரி கிடையாது. சாப்பாடு பற்றித் தனியாக எழுத எதுவும் இல்லை, நன்றாக இருந்தது.

பணம் பற்றிக் கேட்பார்கள். பேக்கேஜ்காரர்கள் மேடைக்குச் சொன்ன தொகை அளவில்தான் எங்களுக்கும் முடிந்தது, பெரிதாக மிச்சமும் இல்லை. வித்தியாசம், பணம் யார் கைக்குப் போனது என்பதில்தான். கைவேலைக்காரர்களிடம் பேரம் பேசாதீர்கள், முன்பணத்தைத் தாராளமாகக் கொடுங்கள், அவர்கள் துணியும் சாயமும் வாங்குவது அதில்தான். அதேபோல எந்தத் தேதிக்கு எது தயாராக வேண்டும் என்பதை ஒரு வாட்ஸ்அப் மெசேஜிலாவது எழுதி வைத்துவிடுங்கள், வாய்ப்பேச்சில் இரண்டு பக்கமும் மறக்கும். கல்யாண நாளில் கலரைப் பற்றி முடிவெடுக்க மணப்பெண் இருக்கவே கூடாது. தங்கையின் கல்லூரித் தோழி ஒருத்திக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தோம், அவள் சொன்னால் மறுபேச்சு இல்லை, அப்பாவாக இருந்தாலும்.

மாப்பிள்ளை வீடு சேரன்மகாதேவி பக்கம். அவர்கள் தரப்பிலிருந்து பத்தமடைப் பாய் வந்தது, பெண் மாப்பிள்ளை பெயரையும் தேதியையும் உள்ளேயே நெய்த கல்யாணப் பாய், சிவப்பும் பச்சையுமாக. எங்கள் அட்டையைப் பார்க்காமலேயே எங்கள் நிறத்தில் வந்து நின்றது அது ஒன்றுதான். "இதெல்லாம் எங்க ஊர்ல சாதாரணம்" என்று அத்தை சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, இருக்கட்டும்.

கலம்காரித் துணி இப்போது தங்கை வீட்டுச் சுவரில். பானைகளில் இரண்டு உடைந்தன, மற்றதில் துளசி. தொம்பைகளை எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குக் கொடுத்துவிட்டோம், கல்யாணத்துக்கு வாடகைக்குத் தருவீர்களா என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை. பூசாரியிடம்தான் கேட்க வேண்டும், நான் ஒருமுறை என் தோழிக்காகக் கேட்டுப் பார்த்தேன், "அம்மனுக்குப் போட்டத மனுஷங்களுக்குக் குடுக்கறதா" என்று முறைத்துவிட்டுப் போய்விட்டார்.